கருப்பசாமிக்கு ஒரு ஜோடி

பத்தொன்பது வருடமாக முதலாளி ஆவுடையப்பன் என்னை உட்காரச் சொன்னதில்லை. அன்றைக்கு அவர் அறைக்குள் நுழைந்ததும் நாற்காலியைக் காட்டி, "உக்காரு மாஸ்டர்" என்றார். முதலாளிமார் உட்காரச் சொன்னால் ஒன்று வேலை போகும், இல்லையென்றால் மானம் போகும்.

வேலை போகாது என்று தெரியும். இராஜபாளையத்தில் அவருடைய பேண்டேஜ் யூனிட்டில் நான்தான் பிளீச்சிங் மாஸ்டர். தறியிலிருந்து பழுப்பாக வரும் துணியைக் காஸ்டிக்கில் வேகவைத்து, பெராக்சைடு கொடுத்து, அலசி, ஆஸ்பத்திரி வெள்ளையாக்கி அனுப்புவது என் பொறுப்பு. ஒருநாள் நான் காய்ச்சலில் படுத்தால் அன்றைய துணி காமாலை கண்டதுபோல வரும். ஆகவே போகப்போவது மானம்தான்.

"சந்தனம், நம்ம கருப்பசாமிக்குச் செருப்பு வேணும்ல" என்று ஆரம்பித்தார்.

அவரும் நானும் ஒரே ஊர். சோழபுரத்துக்கு அந்தப் பக்கம், பேர் வேண்டாம். ஊர்க் கருப்பசாமிக்கு வருடந்தோறும் கொடைத் திருவிழாவில் ஒரு ஜோடித் தோல் செருப்பு வைக்க வேண்டும். சாமி ராத்திரியெல்லாம் அதைப் போட்டுக்கொண்டு காவல் சுற்றுவார், மறுவருடம் பார்த்தால் அடிப்பாகம் தேய்ந்திருக்கும் என்று சொல்வார்கள். எலி கடித்திருக்கும் என்று என் மகள் சொல்வாள். நான் எந்தப் பக்கமும் பேசுவதில்லை.

கொஞ்ச காலமாக மதுரைக் கடையில் ரெக்சின் செருப்பு வாங்கி வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். போன வெள்ளிக்கிழமை சாமியாடி பால்ச்சாமி மேல் சாமி இறங்கி, "எனக்கே ரெக்சினா?" என்று கேட்டுவிட்டது. ஆட்டுத் தோலை ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, நம் ஊர்க் காற்றில் காயவைத்துச் செருப்பு வேண்டும், ஒரு சொட்டு கெமிக்கல் கூடாது என்று உத்தரவு. ஊரே செக்கு எண்ணெய்க்கும் கருப்பட்டிக்கும் மாறிவிட்ட காலத்தில் கருப்பசாமி மட்டும் பின்தங்குவாரா? அதைத் தர்மகர்த்தா தலைமேல் நேர்த்திக்கடனாகவும் சுமத்திவிட்டார். தர்மகர்த்தா ஆவுடையப்பன். சாமியாடி பால்ச்சாமி அவருடைய பங்காளி, தர்மகர்த்தா பதவி மேல் பத்து வருடமாகக் கண் வைத்திருப்பவர். சாமிக்கு யார் மேல் இறங்க வேண்டும் என்று நன்றாகத் தெரிகிறது.

"கொடைக்கு நாப்பத்தஞ்சு நாளு கெடக்கு" என்றார் முதலாளி. "ஒங்க தாத்தா கையி ராசியான கையிம்பாக. நீதான் தோலு நனைச்சுக் குடுக்கணும்."

"மொதலாளி, தாத்தா தோலு நனைச்சாரு. நான் துணி வெளுக்குதேன்."

"ரத்தத்துல இருக்கும்லே அதெல்லாம்."

என் ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். தோல் பதனிடும் வித்தை இருப்பதாகச் சொல்லவில்லை. அவருடைய தாத்தா மாட்டுத் தரகர். அதற்காக இவரிடம் யாராவது மாட்டைக் கொண்டுவந்து பல்லைப் பிடித்துப் பாரும் என்று நிற்கிறார்களா?

நான் மறுத்ததற்குக் காரணம் வீம்பு இல்லை. கோயிலுக்கு முன்னால் ஒரு எல்லைக்கல் நடப்பட்டிருக்கிறது. தோல் நனைத்த வீட்டுக்காரர்கள் அந்தக் கல்லைத் தாண்டக் கூடாது. செருப்பைச் செய்து கொண்டுவந்து கல்லில் வைத்துவிட்டு நிற்க வேண்டும். கோயில்காரர்கள் மஞ்சள்தண்ணி தெளித்து உள்ளே எடுத்துக்கொண்டு போவார்கள். சாமி போட்டுக்கொள்ளலாம், செய்தவன் பார்க்கக் கூடாது. என் அப்பா இருபது வயதில் மில் வேலைக்குப் போனதும் நேராகக் கோயில் கமிட்டியிடம் போய், "இப்பந்தான் நாங்க தோலைத் தொடுறதில்லையே, உள்ள விடுங்க" என்று கேட்டார். கமிட்டி ஒரு வெற்றிலை போடும் நேரம் யோசித்து ஒரு விதியைக் கண்டுபிடித்தது. மூன்று தலைமுறை தொடாமல் இருந்தால் பார்க்கலாம்.

அப்பா ஒன்று. நான் இரண்டு. என் மகள் சிவரஞ்சனி மூன்று. அவளுக்கு இந்தச் சித்திரையில் பதினெட்டு முடிந்துவிட்டது. போன கொடையில் இதே ஆவுடையப்பன்தான், "புள்ள மேஜர் ஆகட்டும், அடுத்த வருசம் பாப்போம்" என்று கல்லுக்கு உள்ளே நின்றுகொண்டு எங்களிடம் சொன்னார். அப்பா அந்த வாய்தாவைக் கேட்கவில்லை. அதற்கு நான்கு வருடம் முன்பே, கல்லருகே நின்று நின்று கால் வீங்கிச் செத்துப்போனார். இப்போது நான் ஒரு தோலைத் தொட்டால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. என் பேரனின் மகன்தான் சாமி பார்க்க வேண்டும். கணக்கை வைத்திருக்கிற மனுசனே அதை அழிக்கச் சொல்லி நாற்காலி போடுகிறார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆத்திரத்தில்தான் எனக்குப் புத்தி வேலை செய்யும். "மொதலாளி, நேர்த்திக்கடன் ஒங்களோடது. நான் நனைச்சா புண்ணியம் எந்த வீட்டுக்குப் போவும்?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறியது. காசு கைமாறினால் தாங்கிக்கொள்வார், புண்ணியம் கைமாறினால் தாங்க மாட்டார்.

"முடி எடுக்குற நேர்த்திக்கடனுக்கு அடுத்தவன் தலையக் குடுக்க முடியுமா? நீங்க கையால செய்யுங்க. நான் வாயால சொல்லுதேன்."

"வாயால சொல்லுறதுக்கு ஒனக்குத் தெரியுமாலே?"

"ரத்தத்துல இருக்குல்லா" என்றேன்.

வீட்டுக்கு வந்து போனில் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். தொப்பி போட்ட ஒருவன் மலையடிவாரத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுக்கிறான். உப்பு, சுண்ணாம்பு, பட்டை, எண்ணெய். அவன் செய்வதைப் பதினான்கு லட்சம் பேர் பார்த்து இதயம் போட்டிருக்கிறார்கள். அவன் செய்தால் கலை, என் தாத்தா செய்தால் கல்லுக்கு வெளியே. சிவரஞ்சனி மொழிபெயர்த்துச் சொன்னாள். எனக்கு அதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருந்தது. ரத்தத்தால் இல்லை. சுண்ணாம்பானாலும் காஸ்டிக்கானாலும் காரம் காரம்தான். எதை எவ்வளவு நேரம் ஊறவிட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதில்தான் மாஸ்டருக்கும் மண்ணாந்தைக்கும் வித்தியாசம்.

விஷயத்தைக் கேட்டு என் மனைவி சுடலையம்மாள் முதலில் தெலுங்கில் திட்டினாள். வீட்டில் எங்களுக்குத் தெலுங்குதான், திட்டுவதற்கு அதுபோல வசதி கிடையாது. பிறகு திடீரென்று நிறுத்தி, சிரிக்கத் தொடங்கினாள்.

"ஏங்க, அவியளே நனைச்சா, அவியளும் தோலு நனைச்ச வீடுதான?"

எனக்கு அது தோன்றவே இல்லை. ஆவுடையப்பனுக்கும் தோன்றியிருக்காது. விதி என்பது அடுத்தவனுக்கு என்றுதானே அவருக்குப் பழக்கம்.

வேலை அவருடைய தென்னந்தோப்பில் நடந்தது, ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி. கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சிமெண்டுத் தொட்டி, பக்கத்தில் வேப்பமர நிழல். கிடாயை வெட்டி, தோலை உப்புப் போட்டுச் சுருட்டி, இரண்டாம் நாள் சுண்ணாம்புத் தண்ணீரில் இறக்கினார். தொண்ணூறு கிலோ உடம்போடு, பட்டு வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, மூக்கில் எங்கள் யூனிட் பேண்டேஜை நான்கு சுற்றுச் சுற்றியிருந்தார். நான் ஆறடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். தொட்டேன் என்று நாளைக்கு எவனும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

"ஏலே, கொடலைப் பெரட்டுது" என்றார்.

"நல்லதுக்குத்தான் மொதலாளி. நாத்தம் வந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம்."

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. சொல்வதற்கு நன்றாக இருந்தது.

எட்டு நாளில் ரோமம் கையோடு வந்துவிடும், வந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். ரோமமும் வந்தது. ஆனால் மனுசன் எடுக்கவில்லை. "இன்னும் வெள்ளை வரலியே" என்று தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருடமாக வெள்ளையை விற்றுப் பிழைத்தவர். எதுவானாலும் வெளுத்தால்தான் தரம் என்று மண்டையில் பதிந்துவிட்டது. நான் ஷிப்டுக்குப் போன நேரம் பார்த்து இன்னும் ஒரு மூட்டைச் சுண்ணாம்பைக் கொட்டி, போதாததற்கு யூனிட்டிலிருந்து ஒரு வாளி பிளீச்சிங் பவுடரையும் கொண்டுவந்து கலந்திருக்கிறார். கெமிக்கல் கூடாது என்று சாமி சொன்னதே என்றால், "அது நம்ம யூனிட்டுதுதான்லே" என்கிறார்.

இரண்டு நாள் கழித்துக் குச்சியை விட்டுத் தூக்கினார். தோல் வரவில்லை. கூழ்தான் வந்தது. குச்சியில் தொங்கிய மிச்சம் நல்ல வெள்ளையாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கொடைக்கு முப்பத்துமூன்று நாள் இருந்தது. அன்று சாயங்காலம் யூனிட்டில் என்னை மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை நாற்காலி இல்லை.

"வெளையாட்டெல்லாம் போதும். நீயே எறங்கு. யாருக்கும் தெரியாம நான் பாத்துக்கிடுதேன்."

"தெரிஞ்சா, மொதலாளி?"

"தெரிஞ்சா பொறவு பாப்போம். எறங்க மாட்டேன்னா, பிளீச்சிங்குக்கு வேற ஆளு பாக்க வேண்டியதுதான்."

பயம் வந்தது. மகளுக்கு நர்சிங் காலேஜ் இரண்டாம் வருடம். ஆனாலும் அந்தக் கல்லருகே வீங்கிய காலோடு நின்ற அப்பா மனதில் வந்து நின்றுகொண்டார். அவர் வந்தபிறகு எனக்கு வேறு எவனும் முதலாளி இல்லை. "பாருங்க மொதலாளி" என்று சொல்லிவிட்டு, துணி வேகவைக்கும் கெட்டில் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மூன்று நாள் வீட்டில் இருந்தேன். முதல் நாள் அவர் கொண்டுவந்த புது ஆளுக்குத் துணி பழுப்பாக வந்தது. இரண்டாம் நாள் நன்றாக வெளுத்தது, ஆனால் கையில் எடுத்ததும் அப்பளம்போல நொறுங்கியது. மூன்றாம் நாள் என்ன வந்தது என்று யாரும் சொல்லவில்லை. நான்காம் நாள் காலையில் முதலாளியின் பைக் எங்கள் தெருவுக்குள் வந்தது. அது வந்து நான் பார்த்ததே கிடையாது. இறங்காமல், வண்டியில் உட்கார்ந்தபடியே, "மாஸ்டர், கெடா வெட்டியாச்சு. வந்து சொல்லு, நான் செய்யுதேன்" என்றார். கெட்டில் சாவியையும் நீட்டினார்.

இரண்டாவது தோலை அவர் ஒழுங்காகச் செய்தார். நான் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினார். பலகைமேல் தோலை விரித்து, மொட்டைக் கத்தியால் ரோமத்தையும் கொழுப்பையும் சுரண்டினார். சுண்ணாம்பு போக அலசி, தவிட்டுத் தண்ணீரில் போட்டார். பிறகு இடித்த ஆவாரம்பட்டை ஊறிய சிவப்புத் தண்ணீரில் இறக்கி, காலையும் மாலையும் கையால் புரட்டினார். பட்டைச் சாறு ஏறி அவர் கை இரண்டும் முழங்கைவரை செம்பழுப்பாகிவிட்டது. சோப்புப் போட்டார், எலுமிச்சை தேய்த்தார், போகவில்லை. நகக்கண்ணில் கறுத்துப்போய் நின்றது. நாற்றம் அதைவிட விசுவாசமானது, குளித்தாலும் கூடவே வந்தது.

அவர் மனைவி வெங்கடேஸ்வரி அவரை வீட்டுக்குள் விடவில்லை. தோப்பு மோட்டார் ரூமிலேயே படுக்கை. சாப்பாடு வாழையிலையில் கட்டி வந்து, கிணற்று மேடையில் வைக்கப்படும். வைத்தவர் நகர்ந்தபிறகு இவர் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனவர், பந்தியில் தன் இரண்டு பக்கமும் இலை காலியாகவே இருந்தது என்று வந்து சொன்னார்.

"என்னமோ தீண்டக் கூடாதவன் மாதிரி பாக்காங்கலே சந்தனம்."

அவர் என்னிடம்தான் அதைச் சொல்கிறார் என்பது அவருக்கே உறைக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் போய்ச் சுடலையம்மாளிடம் சொல்லி, இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் அடுத்த நாள் போகும்போது பிளாஸ்கில் டீ கொண்டுபோனேன். ஒரே டம்ளர்தான் இருந்தது. நான் குடித்துவிட்டு ஊற்றிக் கொடுத்தேன், அவரும் குடித்தார்.

பதினோரு நாள் பட்டையில் ஊறி, கடுக்காய்த் தண்ணீர் குடித்து, புங்க எண்ணெய் வாங்கி, வேப்பமர நிழலில் காய்ந்து தோல் வந்தது. நல்ல தோல். புளியம்பழ ஓட்டின் நிறத்தில், மடித்தால் மடிந்து, விட்டால் விரிந்தது. ஆவுடையப்பன் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை முப்பது லாரி துணி ஏற்றுமதியானபோதும் நான் பார்த்ததில்லை. இராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஷூக்கடை வைத்திருக்கும் சாம்சன் அதை நாலு மடிப்பாக மிஷினில் தைத்து, இரண்டடி நீளத்தில் ஒரு ஜோடி செய்து கொடுத்தார். சாம்சன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர், கருப்பசாமிக் கல்லால் அவருக்கு ஒரு பாதகமும் இல்லை.

உச்சிக்கொடை அன்று நல்ல வெயில். மேளம், வேட்டு, பனைமரம் உயரத்துக்குப் பிளக்ஸ். பிளக்ஸில் கருப்பசாமி மீசையும் அரிவாளுமாக, காலை அகட்டி நின்றார். ஆவுடையப்பன் செருப்பைத் தலையில் சுமந்து, ஊர்வலத்தின் முன்னால் வந்தார். நானும் சுடலையம்மாளும் சிவரஞ்சனியும் எங்கள் வழக்கமான இடத்தில், கல்லருகே நின்றோம். இந்த வருடம் கணக்கு முடிந்துவிட்டது, கூப்பிடுவார் என்று நம்பி வேட்டியைச் சரிசெய்துகொண்டேன். அவர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கல்லைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

பால்ச்சாமி மேல் சாமி அந்த நிமிடமே இறங்கியது. "நில்லு!" என்று குதித்து முன்னால் வந்து நின்றார். "தோலு நனைச்சது யாரு?"

ஆவுடையப்பன் நெஞ்சை நிமிர்த்தினார். "நான்தான் சாமி. ஏங் கையால."

"தோலு நனைச்ச வீடு கல்லைத் தாண்டலாமா?"

மேளம் நின்றுவிட்டது. தூக்கிய கால் தூக்கியபடி இருக்க, ஆவுடையப்பன் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவருடைய கையைப் பார்த்தது. முழங்கைவரை செம்பழுப்பு.

"நேத்திக்கடனுக்குச் செஞ்சேன் சாமி. தொழிலுக்கா செஞ்சேன்?"

"மூணு தலைமுறை!" என்றது சாமி. பால்ச்சாமியின் மருமகன் அதற்குள் தர்மகர்த்தாவின் பரிவட்டத்தைக் கையில் எடுத்துத் தயாராக வைத்திருந்தான்.

முதலாளி காலைக் கீழே வைத்தார், கல்லுக்கு இந்தப் பக்கம். என் பக்கத்தில். செருப்பு இன்னும் தலையில் இருந்தது. வேர்த்து ஒழுகியது. என்னிடம் மட்டும் கேட்கும்படி, "என்னலே இது, மூணு தலைமுறையா?" என்றார், ஏதோ இப்போதுதான் முதல்முறையாகக் கேள்விப்பட்டதுபோல.

"ஆமா மொதலாளி. ஒங்க பேரன் மகனுக்குத் தெறந்துருவாக."

அவர் என்னைப் பார்த்தார். சிவரஞ்சனியைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கீழே இறக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, குனிந்து கல்லைப் பிடித்தார். தொண்ணூறு கிலோ. ஒரு மாதம் தோலைப் பிழிந்த கை வேறு. இரண்டு ஆட்டு ஆட்டியதும் கல் பல்லைப் பிடுங்கியதுபோல வெளியே வந்தது. ஓடைப்பக்கம் உருட்டிவிட்டு, "எங்கலே கல்லு? எவன்லே கல்லுங்குறது?" என்று கத்தினார். சாமி மலைத்து நின்றது. இப்படி ஒரு பதிலுக்கு அது தயாராக வரவில்லை.

கல் ஒரு அடிகூட ஆழமாக நடப்படவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஐம்பது வருடம். அப்பாவும் நானும் சேர்ந்து ஒரு கை போட்டிருந்தால் வந்திருக்கும். அதைப் பிடுங்க அது அவர் காலில் இடற வேண்டியிருந்தது.

ஆவுடையப்பன் உள்ளே ஓடினார். சுடலையம்மாள் என் கையைப் பிடித்தாள். நாங்கள் மூவரும் அவர் பின்னாலேயே போனோம். யாரும் தடுக்கவில்லை, தடுக்க எந்த இடம் என்று யாருக்கும் தெரியவில்லை.

உள்ளே இருட்டாக, எண்ணெய்ப் பிசுக்கும் சாம்பிராணிப் புகையுமாக இருந்தது. கண் பழகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மீசையைத் தேடினேன். அரிவாளைத் தேடினேன். ஒன்றும் இல்லை. முழங்கால் உயரத்துக்குச் செங்கல் பீடம் ஒன்று, மேலே கூம்பி, சுண்ணாம்பு அடித்து, மாலை போட்டு இருந்தது. அதுதான் கருப்பசாமி. அதன் முன்னால் ஆவுடையப்பன் தன் கையால் பதனிட்ட செருப்பை வைத்து, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார்.

சிவரஞ்சனி என் காதருகே வந்தாள். "அப்பா," என்றாள், "இவருக்குக் காலே இல்லையே."